மணிக்கு நூறு சொல்

எனக்குத் தலைக்கனம் உண்டு என்று பொருநைப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்டுதான். இல்லாததையா சொல்கிறார்கள்? இங்கே படிக்கிற மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளும் கையில் கட்டியிருக்கிற பட்டையை உண்டாக்கியவள் நான். பெயர் ஆவுடையம்மாள், உயிர்மருத்துவப் பொறியியல் துறைத் தலைவி. பட்டைக்கு நான் வைத்த பெயர் ‘துணை’. நாடி, தூக்கம், வியர்வை, உடம்புச் சூடு எல்லாவற்றையும் பார்த்து, ஒரு பிள்ளைக்கு உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு தலைதூக்குகிறதா என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். போதை மாத்திரை போட்டிருந்தால் வியர்வையிலேயே பிடித்துவிடும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு வந்தால் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரே செய்தி போகும். மறுநாளே பெற்றோர் வந்து, ஒரு வருட ஓய்வு விடுப்பில் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பட்டை வந்த பிறகு ஐந்து வருடமாக எங்கள் வளாகத்தில் ஒரு சாவு இல்லை. தலைக்கனம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

இதைச் செய்ய எனக்கு ஒரு காரணம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் வகுப்பில் இளம்பரிதி என்று ஒரு பையன் படித்தான். நான்கு நாள் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்கு நாளும் நான் பெயர் கூப்பிட்டபோது, “பிரசன்ட் மேடம்” என்று கடைசி வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். பிராக்ஸி. கூட்டாளிக்கு வருகை குறையக்கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். நானும் தலையைத் தூக்கிப் பார்க்காமல் டிக் அடித்தேன். ஐந்தாம் நாள் அவன் உயிரோடு இல்லை. என் பதிவேட்டில் மட்டும் நான்கு நாளும் வந்திருந்தான்.

அன்றிலிருந்து பிராக்ஸி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் பட்டையில் ஒரு பூட்டு வைத்தேன். ஒருத்தி பட்டையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு ஏமாற்ற முடியாது. வகுப்பு நேரமும் தூங்கும் நேரமும் போக, மணிக்கு நூறு சொல்லாவது சொந்தக்காரரின் குரலில் பட்டையின் காதில் விழவேண்டும். பதிவு செய்த குரலைப் போட்டால் ஏற்காது, பாடப்புத்தகத்தை வாசித்தாலும் ஏற்காது. பேச்சாக இருக்கவேண்டும். நூறு சொல் விழாவிட்டால் பட்டை அலறும். அந்தப் பூட்டைத்தான் நான் ஊர் ஊராகப் போய்ப் பீற்றிக்கொண்டேன்.

முன்மாதிரியாக என் கையிலும் ஒன்று கட்டியிருந்தேன். அது ஆடி பிறந்ததிலிருந்து மஞ்சள் காட்டிக்கொண்டிருந்தது. என் பட்டை மஞ்சள் காட்டினால் கோளாறு பட்டையில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, அதன் மேலேயே கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். ஆசிரியர்களின் பட்டை யாருக்கும் செய்தி அனுப்பாது. அந்தச் சலுகையை எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பதினான்கு விடுதிகள். பதிமூன்றிலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு சிவப்பு வரும். ஒன்பதாம் விடுதியில், அது பெண்கள் விடுதி, இரண்டு வருடமாக ஒரு சிவப்பு கிடையாது. பதிவாளர் சங்கரபாண்டியனுக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழு கூடும்போது அதை மாதிரி விடுதியாக அறிவித்துவிடலாம் என்றார். எனக்கு மட்டும் உறுத்தியது. இருநூற்று நாற்பது பெண்பிள்ளைகள், பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கிற இடம். சிவப்பே வராது என்றால் யார் நம்புவது? செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் விடுதிக்குப் போய் விருந்தினர் அறையில் தங்கிவிட்டேன்.

போன அன்றே ஒரு பெண் என்னோடு ஒட்டிக்கொண்டாள். மேலப்பாளையத்துக்காரி, பெயர் ஷமீலா, இரண்டாம் வருடம் கணிதம். எனக்கு வழிகாட்ட விடுதி மன்றம் அனுப்பியதாகச் சொன்னாள். நூறடி நீள வராந்தாவுக்கு எதற்கு வழிகாட்டி? பேச்சோ பேச்சு, வாயை மூடவே மாட்டாள். அதுகூடப் பரவாயில்லை, என்னையும் மூட விடமாட்டாள்.

“மேடம், உங்களுக்குப் புட்டு புடிக்குமா, ஆப்பமா?”

“ரெண்டும் புடிக்கும். போய்ப் படி.”

“அப்படிச் சொன்னா எப்படி? ரெண்டுல ஒண்ணு சொல்லணும்லா.”

“ஆப்பம்.”

“எதுக்கு மேடம் ஆப்பம்? யாரு சுட்டுத் தருவாங்க?”

இப்படியே போகும். நான் முதன்முதலில் பெயிலான பாடம் எது என்று கேட்டாள். நான் பெயிலே ஆனதில்லை என்று ஆரம்பித்தவள், பள்ளிக்கூடத்தில் கயிறு ஏறத் தெரியாமல் பாதியில் தொங்கிய கதையைக் கால் மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். எங்கள் வீட்டில்கூட அதை நான் சொன்னதில்லை. இந்தப் பெண் என்னை வேவு பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒளிக்க ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஆள் போட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை காலையில் சிக்கினார்கள். மெஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு பெண் உப்புமாவைக் கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையில் சகாய ஜெர்லின், கட்டடப் பொறியியல், மூன்றாம் வருடம் என்று இருந்தது. முழுக்கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள். நான் மடியில் இருந்த பலகைக் கணினியில் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பச்சை. நாடித் துடிப்பு நூற்று அறுபத்திரண்டு.

உப்புமா சாப்பிடுகிறவளுக்கு நூற்று அறுபத்திரண்டா? சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வெளியே மைதானத்தில் பூப்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நெட்டையாக ஒருத்தி வலைக்குப் பக்கத்தில் எகிறி அடித்தாள். கணினியில் நாடி நூற்று எழுபதுக்கு ஏறியது. அவள் நின்று தண்ணீர் குடித்தாள். கணினியில் இறங்கியது. எனக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை கொதித்தது.

அந்த நெட்டைக்காரியை மொட்டை மாடிக்கு வரச் சொன்னேன். துணி காயப்போட்டிருந்த கொடிகளுக்கு நடுவே வந்து நின்றாள். விளாத்திகுளத்துப் பெண், வண்டார்குழலி, விடுதி மன்றத் தலைவி. பின்னாலேயே ஜெர்லினும் வந்தாள். ஷமீலாவைச் சொல்லவே வேண்டாம், அவள் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

“கைய நீட்டுட்டி,” என்றேன்.

குழலி இரண்டு கையையும் நீட்டினாள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று.

“ஜெர்லினோடதுதான் மேடம். ஏழு மணிக்கு அடுத்தவகிட்ட மாத்திருக்கணும். ஆட்டம் விறுவிறுப்பா போச்சு, மறந்துட்டேன். தப்பு என் மேலதான்.”

“மறந்ததா தப்பு? பிராக்ஸி போடுதிய! இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமாட்டி உங்களுக்கு? ஒரு பையன் செத்தான். நாலு நாளு பிராக்ஸி போட்டே அவனக் கொன்னுட்டாங்க!” கத்தியதில் எனக்கே மூச்சு வாங்கியது. இளம்பரிதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டித் தீர்த்தேன் என்றே வையுங்கள்.

மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். குழலி மெதுவாகத்தான் பேசினாள்.

“கோவிச்சுக்காதிய மேடம். அவங்க பிராக்ஸி போட்டாங்க, ஆனா ரூமுக்குப் போய்ப் பாக்கல. எங்களால அப்படிப் போட முடியாதுல்லா. நீங்கதான பூட்டு வச்சிருக்கிய. இவ பட்டைய நான் கட்டணும்னா, இவ எம்பக்கத்துல இருந்து மணிக்கு நூறு சொல் பேசணும். இவ பேசுற நெலமையிலயா இருந்தா? ஒரு வார்த்த வராது. பேச வைக்கணும். அதுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.”

“சொவரப் பாத்துட்டே கெடப்பேன் மேடம்,” என்றாள் ஜெர்லின். குரல் கரகரத்தது. “போங்கட்டின்னு திட்டுவேன். திட்டுனா அதையும் எண்ணிக்கிடுவாளுவ.”

“திட்டுல அவளுக்கு ஒரு வேளைக்கு முப்பது சொல் தேறும்,” என்றாள் ஷமீலா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் இன்னும் கோபம் வரும், அப்படி வந்தது. “சிவப்பு வந்தா ஆபீஸ் பாத்துக்கிடுமே. எதுக்கு இத்தன பாடு?”

“பாத்துக்கிடுமா?” குழலி என்னை நேராகப் பார்த்தாள். “எங்க மொத வருசத்துல ரூம்மேட் ஒருத்திய அனுப்பிட்டாங்க. அடுத்த வருசம் திரும்பி வரல. போன் எடுக்கல. மத்த விடுதியிலருந்து ரெண்டு வருசத்துல இருநூறு பேர அனுப்பிருக்கிய. அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க மேடம்? நல்லா இருக்காங்களா?”

எனக்குத் தெரியாது. வளாகத்தில் ஒரு சாவு இல்லை என்று நான் பீற்றிக்கொண்ட கணக்கில், வாசலைத் தாண்டிப் போனவர்கள் இல்லை. இதை நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

குழலி ஒரு ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஆய்வகத்துக்கு வாங்குகிற அதே நோட்டு. முதல் பக்கத்தில் விதிகள் எழுதியிருந்தன. பட்டையைக் கட்டுகிறவள் ஆளை விட்டு நகரக்கூடாது. ஒருத்திக்கு நான்கு பேர் முறை வைத்துப் பார்க்கவேண்டும், ஒருத்தியே சுமக்கக்கூடாது. வியாழக்கிழமை தோறும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவேண்டும். கைமீறினால் எந்த நேரமானாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிடவேண்டும், யாருடைய சீட்டு போனாலும் சரி. இந்தக் கடைசி விதிக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் பெயர்களும் முறைகளும். இரண்டு வருடத்தில் பத்தொன்பது பெயர்கள். பத்தொன்பது பேரும் இங்கேயே வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

“நானு கடைசியா மாத்திர போட்டு நூத்தி முப்பத்தோரு நாளாச்சு,” என்றாள் ஜெர்லின். “இன்னும் ரெண்டு வாரத்துல பரீட்ச, அந்தப் பயத்துல சில நாளு செவப்பு வந்துருது. இப்ப என்னய வீட்டுக்கு அனுப்பிராதிய மேடம். அம்மா மீன் கம்பெனிக்குப் போயிருவா, அப்பா கடலுக்குப் போயிருவாரு. தனியா இருந்தா மறுபடியும் அதத் தேடுவேன். எனக்கு என்னயத் தெரியும்.”

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அன்று மதியம் அலுவலகத்திலிருந்து பழைய பட்டியலை வரவழைத்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். பல எண்கள் மாறியிருந்தன. ஒரு அப்பா, மகள் யாரோடும் பேசுவதில்லை என்று போனை வைத்துவிட்டார். ஒரு பையன் மட்டும் எடுத்தான். நலமா என்று கேட்டேன். “மூணு வருசத்துல காலேஜ்லருந்து வார மொத போன் இதுதான் மேடம்,” என்றான். ஷமீலா அறை வாசலில் வந்து நின்று, கயிற்றில் தொங்கிய அன்றைக்கு என்னைக் கீழே இறக்கியது யார் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். ஒன்பது பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“ஒன்பதாம் விடுதியின் பட்டைகள் பொய் சொல்கின்றன,” என்றேன். “உண்மையில் அங்கே பத்தொன்பது சிவப்பு வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டு மறைத்திருக்கிறார்கள். மறைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெருமைதான் இருக்கிறது.”

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன மேடம் பேசுதிய? ரெண்டு வருசமா நம்மள ஏமாத்திருக்காங்க. பேரச் சொல்லுங்க, இன்னைக்கே விடுப்புல அனுப்பிருவோம்.”

“பேரு சொல்ல மாட்டேன்.”

“சொல்லலன்னா உங்க பதவி…”

“எடுத்துக்கிடுங்க. பட்டைய உண்டாக்குனது நானு. அது ஆளக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். கண்டுபிடிச்ச ஆள நாம வெளிய தள்ளிட்டு, உள்ள எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு மார் தட்டிக்கிட்டோம். அந்தப் பிள்ளைக, கண்டுபிடிச்ச ஆளுக்குப் பக்கத்துல போய் உக்காந்தாங்க.”

சங்கரபாண்டியன் கெட்டவர் இல்லை. பெற்றவர்கள் நாளைக்கு வந்து சட்டையைப் பிடித்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். “ஏதாவது ஆயிருந்தா யாரு பொறுப்பு?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது.

வெளியே கேட்டுக்கொண்டிருந்த ஜெர்லின் உள்ளே வந்து நின்றாள். சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். அவள் பட்டை அவள் கையிலேயே இருந்தது. சிவப்பு இல்லை, மஞ்சள். பின்னால் குழலியும் ஷமீலாவும் நின்றார்கள்.

“அவங்க பேரு சொல்ல வேண்டாம் சார், நானே சொல்லுதேன். நானு சகாய ஜெர்லின், உவரிக்காரி,” என்று ஆரம்பித்தாள். “மொத வருசம் பரீட்சைக்கு முழிக்கணும்னு ஒரு மாத்திர போட்டேன். அப்புறம் அது இல்லாம எந்திரிக்க முடியல. போன பங்குனியில ஒரு நாளு, போதும் செத்துருவோம்னு இருந்தேன். அன்னைக்குக் குழலி எம்பட்டைய வாங்கிக் கட்டிக்கிட்டு, பேசுட்டின்னா. பேச ஒண்ணுமில்லன்னேன். சரி, உங்கப்பா வள்ளத்துல எத்தன பேரு போவாங்க, அவங்க பேரச் சொல்லுன்னா. ஆறு பேரு சார். ஒவ்வொரு பேரா சொன்னேன். ஆறாவது பேரு எங்க சித்தப்பா. அவரு கரைக்கு வந்ததும் மொத வேலையா, ஜெர்லின் போன் பண்ணுச்சான்னு கேப்பாரு. அதச் சொல்லும்போது அழுதுட்டேன். மறுநாளு டாக்டர்ட்ட போனோம். பொறுப்பு யாருன்னு கேட்டியல்லா சார்? நானு நல்லா இருக்கதுக்கு இவளுக நாலு பேருதான் பொறுப்பு. அதையும் எழுதிக்கிடுங்க.”

ஜெர்லினுக்குப் பின்னால் நின்ற ஷமீலா, குழலியின் காதில் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. “நூறு தாண்டி எங்கயோ போயிட்டாட்டி. யாரும் கேக்காமலே பேசிட்டா!” எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டைக்கு விருது வாங்கிய மேடையில்கூட நான் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

விவாதம் ஒன்றரை மணிவரை போனது. முடிவில் ஒரு வருடத்துக்குச் சோதனையாக ஒத்துக்கொண்டார்கள். இனி சிவப்பு வந்தால் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாது. அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்த நான்கு கூட்டாளிகளுக்கும் மருத்துவருக்கும் போகும். யாரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஏற்கெனவே அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வருகிறாயா என்று கேட்கவேண்டும். கையெழுத்துப் போடும்போது பதிவாளர் முணுமுணுத்தார், “பிராக்ஸிய விதியாவே எழுத வச்சிட்டியளே மேடம்.” ஆமாம் என்றேன். ஜெர்லின் பரீட்சைக்குப் படிக்கக் கிளம்பிவிட்டாள்.

புதிய விதிகளை எழுதுவதற்காகக் குழலி அந்த ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள். வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பத்தொன்பது பெயர் வரிசையாக வந்தது. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! யாருக்கு எந்த நேரம், யார் துணை, எதைப் பற்றிக் கேட்டால் பேசுவாள் என்பதுவரை இருந்தது. கடைசிப் பக்கத்தில், செவ்வாய்க்கிழமை தேதி போட்டு, இருபதாவதாக ஒரு பெயர் இருந்தது.

ஆவுடை மேடம். கடிகாரத்துக்கு அடியில் மஞ்சள். துணை: ஷமீலா. ஆப்பம், பள்ளிக்கூடம் கேட்டால் பேசுவார். சிரிக்கவும் செய்வார். புதன்: இளம்பரிதி அண்ணனைப் பற்றிக் கத்தினார், பேசவில்லை.

நான் கடிகாரத்தைக் கழற்றினேன். பட்டை மஞ்சளாகத்தான் இருந்தது. ஆடி மாதத்தில்தான் அவன் போனான். பதினோரு வருடமாக இந்த மாதம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஷமீலா பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளா என்னய விடாம நச்சரிச்சது இதுக்குத்தானாட்டி?”

“பின்ன? உங்க ஆப்பம் எனக்கு எதுக்கு மேடம்?” என்று சொல்லி, உரித்த கடலையில் பாதியை என் கையில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றுவிட்டுக் கேட்டாள். “மேடம், இளம்பரிதி அண்ணன் எப்படி இருப்பாங்க? நெட்டையா, குட்டையா?”

“குட்டைதான்,” என்றேன். “முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். சிரிச்சா கைய வச்சு மறைச்சுக்கிடுவான்.”

அவள் எண்ணிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.